பென்சிலில் ஓர் எண், பேனாவில் ஓர் எண்

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் ஒரு பெண் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். இருபத்து நான்கு வயது. அவள் பார்த்து அனுப்பிய ஒரு துணிக் கட்டுக்குள் பதினோரு பீஸ் கழுத்து ரிப் பட்டையில் தையல் விட்டு, பேக்கிங்கிலிருந்து திரும்பி வந்திருந்தது. முகம் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தவள், அதற்குப் பிறகு ஒவ்வொரு பீஸையும் மூன்று தடவை திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது தடவை பார்த்த பிறகும் அதை "பாஸ்" பக்கம் வைக்கக் கை வரவில்லை. அந்தரத்தில் நின்றது.

அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். 2018-ல் என் கை அப்படித்தான் நின்றது. அன்று மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவளிடம் நான்கு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தாராபுரம் பக்கம். பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்தேன். முதலில் பவர் டேபிளில் டெய்லருக்குத் துணையாகக் கைமடி, பிறகு செக்கிங், அப்புறம் லைன் க்யூசி, அதாவது தையல் லைனில் தரம் பார்க்கிற வேலை. முப்பது வயதில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் க்யூசி இன்சார்ஜ் ஆனேன். துணி வந்து இறங்கினால் அதை வெட்டலாமா வேண்டாமா என்று சொல்கிற ஆள். என் கையெழுத்து விழாமல் கட்டிங் டேபிளில் கத்தி ஓடாது. அஞ்சு வருடம் அப்படி இருந்தேன். துணியைத் தொட்டாலே எனக்குத் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

2018 தீபாவளி நவம்பர் 6-ஆம் தேதி வந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு அந்தத் தேதியின் அர்த்தம் தெரியும். போனஸ் வாங்கிக்கொண்டு டெய்லர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டால் மெஷின்கள் மறுபடி முழுசாக ஓடப் பத்து நாள் ஆகும், சில சமயம் அதற்கும் மேலே. அதனால் தீபாவளிக்கு முன்னால் முடிக்க வேண்டிய ஆர்டர் என்றால் அத்தனை பேர் கழுத்திலும் கத்திதான்.

எங்களுக்கு அப்போது 14,400 பீஸ் ஆர்டர் ஒன்று. ஐரோப்பாவுக்குப் போகிற பெண்கள் டி-ஷர்ட், நீளம் கொஞ்சம் அதிகம், நிறம் கடுகு மஞ்சள். 30ஸ் கோம்ப்டு நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணி, 150 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 150 கிராம். மொத்தம் ஏறக்குறைய 2,900 கிலோ துணி, ஆறு டையிங் லாட், அதாவது ஆறு தடவையாகச் சாயம் ஏற்றியது.

பனியன் தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் நூல் வாங்குவோம். அது நிட்டிங்குக்குப் போய்த் துணியாகும், டையிங்குக்குப் போய்ச் சாயம் ஏறும், காம்பாக்டிங்குக்குப் போய் அளவுக்கு வரும். அதன் பிறகுதான் எங்கள் கம்பெனிக்கு வரும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடம், ஒவ்வொரு முதலாளி. துணியோடு கூடவே டிசி என்கிற ஒரு சீட்டு வரும். எந்த நூல், எந்த மெஷின், எத்தனை கிலோ என்பதெல்லாம் அதில் இருக்கும். துணி வந்ததும் ஒரு துண்டு வெட்டி, அளவு குறித்து, துவைத்துக் காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம் பிடிக்கும்.

திரும்புவது என்றால், டி-ஷர்ட்டின் சைடு தையல் இடுப்புக்கு நேராகக் கீழே இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வயிற்றுப் பக்கம் வந்துவிடுவது. சிங்கிள் ஜெர்சிக்கே உள்ள வியாதி அது. நூலில் இருக்கிற முறுக்கு பிரிந்துகொள்ளப் பார்க்கும், அது கண்ணிகளைச் சாய்த்துவிடும். அதனால்தான் பனியன் நூலுக்கு முறுக்கைக் குறைவாக வைப்பார்கள், நெசவு நூலுக்கு அதிகமாக வைப்பார்கள். டையிங்கும் காம்பாக்டிங்கும் முடிந்து வருகிற துணியில் இந்தச் சாய்வு தெரியாது. நீராவியிலும் சூட்டிலும் இழுத்து நேராக்கி அனுப்பியிருப்பார்கள். தண்ணீரில் விழுந்த பிறகுதான் துணி தன் குணத்துக்குத் திரும்பும்.

முதல் இரண்டு லாட்டைத் துவைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மூன்றாவது லாட் வந்த அன்று சாயங்காலம் ஐந்து மணி. கட்டிங் மாஸ்டர் வந்து நின்றார்.

"அம்மிணி, டேபிள் காலியா நிக்குதுங்க. துணிய உட்டீங்கன்னா இன்னைக்கே விரிச்சு ஆறப்போட்டுருவேன், காலைல வெட்டறதுக்கு அடுக்கி லே போட்டுரலாமுங்க."

துணியைத் தொட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு லாட் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஜிஎஸ்எம் கட்டரில் வட்டம் வெட்டி எடை போட்டேன், 1.50 கிராம் வந்தது. நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் அது, நூறால் பெருக்கினால் 150. அளவு சரி, ஷேடு சரி. கையெழுத்துப் போட்டேன். அடுத்த மூன்று லாட்டுக்கும் அப்படியே போட்டேன்.

ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் நாளில் ஒரு இளைஞர் வந்தார். 14,400 பீஸுக்கு ஏக்யூஎல் என்கிற சாம்பிள் கணக்கில் 315 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், பெரிய குறை 14 வரை இருந்தால் பாஸ், 15 ஆனால் ஃபெயில். அவருக்குக் கிடைத்தது ஒன்பது. எனக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு அவர் வெவ்வேறு அட்டைப் பெட்டியிலிருந்து நான்கு பீஸ் எடுத்து, எங்கள் லேப் மெஷினிலேயே துவைக்கச் சொன்னார். டிரையரிலிருந்து வந்ததை மேசையில் விரித்தார். தோள்பட்டையைச் சரியாகப் பொருத்திக் கீழே தடவிவிட்டார். மூன்று பீஸில் சைடு தையல் வளைந்து முன்பக்கம் வந்திருந்தது. டேப்பை வைத்தார். 60 சென்டிமீட்டர் தையல், கீழே 5.4 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. ஒன்பது சதவீதம். பையர் ஒத்துக்கொள்வது ஐந்து.

அவர் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. "ஸாரி மேடம்" என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டில் எழுதினார். நான் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொத்திப் பொத்திப் பார்த்த அஞ்சு வருடம் அந்த வளைவில் போனது.

முதலாளியும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறைக்குக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "உங்க கையெழுத்தப் பார்த்துட்டுத்தானுங்க நான் வெட்டச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். ஆர்டர் ரத்தானது. மொத்தச் சரக்கும் லேபிள் வெட்டி ஸ்டாக் லாட்டாக, மிஞ்சிய சரக்கு விற்கிற காதர்பேட்டைக்குப் போனது. அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

தீபாவளி லீவு முடிந்து வந்தபோது, "கொஞ்ச நாள் ஃபினிஷிங்கப் பாருங்க" என்றார்கள். என் மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்ப வேலைக்குப் போகவில்லை.

வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். நம்பிக்கை போவது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வேலையில் ஏற்பட்ட தவறு வேலையோடு நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். குழம்பில் உப்பு சரியா என்று தெரியவில்லை. நாக்கில் வைத்துப் பார்ப்பேன், சரி என்று தோன்றும், இருந்தாலும் பையனைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வேன். கேஸை அணைத்தேனா என்று படுத்த பிறகு எழுந்து போவேன். காய்க்காரரிடம் அறுபத்தைந்து ரூபாய்க்கு வாங்கிவிட்டு நூறு கொடுத்தால், மீதி முப்பத்தைந்து என்று தெரிந்தும் விரல் விட்டு எண்ணுவேன். தங்கச்சி சீமந்தத்துக்குப் புடவை எடுக்கப் போய் ஒன்றரை மணி நேரம் நின்று, கடைசியில் அவளையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். துணியைத் தொட்டு வாழ்ந்தவள், ஒரு புடவையைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை.

ஆறுதல் நிறையக் கிடைத்தது. கண்ணுபட்டுவிட்டது என்று அம்மா சுற்றிப் போட்டாள். வீட்டுக்காரர், "உடு, இதென்ன, இன்னொரு கம்பெனி இல்லியா" என்றார். கூட வேலை பார்த்தவர்கள் போன் பண்ணி, "உங்க திறமைக்கு என்னக்கா" என்றார்கள். யாரோ ஒருவர் தன்னம்பிக்கைப் பேச்சு வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். காலையில் கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று சொல்லச் சொன்னார்கள். நான் அதையும் செய்தேன், ஒரு வாரம். அவர்கள் அத்தனை பேரின் அன்பையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வார்த்தைகள் எதுவும் என்னிடம் ஒட்டவில்லை. எனக்கு உடைந்தது மனசு மட்டும் இல்லை. "என் கை தொட்டால் தெரியும்" என்று நான் நம்பியது பொய்யாகிவிட்டது. அது நடந்த விஷயம், அளந்து காட்டப்பட்டது, ஒன்பது சதவீதம். அளந்து காட்டப்பட்ட ஒன்றை எந்தப் புகழ்ச்சியும் மறைக்காது.

மாசி மாதம் ஒரு ராத்திரி, வேலையிலிருந்து வரும்போது எடுத்து வந்திருந்த டிசி நகல்களை விரித்து வைத்து உட்கார்ந்தேன். அதுவரை அந்தக் கவரைத் தொட எனக்குத் துணிவில்லை. மூன்றாவது டிசியிலேயே இருந்தது. முதல் இரண்டு லாட்டின் நூல் ஒரு மில்லுடையது. மூன்றிலிருந்து ஆறு வரை வேறு மில், வேறு லாட் நம்பர். நிட்டிங்கும் வேறு இடத்தில் ஓட்டியிருந்தார்கள். நூல் பற்றாக்குறையில் யாரோ மாற்றி வாங்கியிருக்கிறார்கள், அதில் முறுக்கு அதிகம். யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் டிசி என் கைக்கு வந்தது. நான் கிலோவைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேனே தவிர லாட் நம்பரைப் பார்க்கவில்லை.

பையனின் ரஃப் நோட்டைப் பின்பக்கம் திருப்பி, என் பங்கு என்ன என்று எழுதினேன். நான்கு லாட்டைத் துவைக்கவில்லை. டிசியை முழுசாகப் படிக்கவில்லை. இவை இரண்டும் என்னுடையவை. நூலை மாற்றியதும், மாற்றியதைச் சொல்லாததும், தீபாவளித் தேதியும், மூன்று மணி நேரம் காத்திருக்க முடியாத அளவுக்கு நெருக்கிப் போட்ட பிளானும் என்னுடையவை அல்ல. உன் மேல் தப்பே இல்லை என்று சொன்னவர்கள் மேலும், எல்லாமே உன் தப்பு என்று நான்கு மாதமாகச் சொன்ன என் மனசின் மேலும் அன்று ஒரே அளவு கோபம் வந்தது. இரண்டுமே அந்தச் சீட்டுகளைப் படிக்கவில்லை.

இது ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று தூங்கினேன்.

சித்திரை முடிந்ததும் அனுப்பர்பாளையம் பக்கம் பதினான்கு மெஷின் போட்ட ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தேன். உள்ளூர் மார்க்கெட்டுக்கான ஜாப் ஒர்க். பழைய சம்பளத்தில் பாதி. அங்கே நான் செய்தது என்னவென்று இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. எதையும் பாஸ் பண்ணவில்லை. கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டினேன். பகல் சாப்பாட்டுக்குள் பாதி பீஸ் ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் தைக்க, திரும்பிவிடும்.

மூன்றாவது வாரம் ஃபிளாட்லாக் ஓட்டுகிற ஒரு டெய்லர் அக்கா, என்னைவிடப் பத்து வயது பெரியவர், திரும்பி வந்த கட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்தார். ஒரு பீஸை விரித்தார்.

"இதுல எங்கீங்க ஆல்டரு? எனக்கும் காட்டுங்க, தெரிஞ்சுக்கறேன்."

நான் கீழ் மடிப்பைக் காட்டினேன். அவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து வைத்தார். இரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், இரண்டே இருந்தது. அடுத்த பீஸ். அதுவும் இரண்டு. மூன்றாவதில் ஒரு நூல் அளவு அதிகம். அதுவும் ஒத்துக்கொள்கிற டாலரன்ஸுக்குள்தான். அவர் சண்டை போடவில்லை.

"பீஸ் ரேட்டுங்க எங்களுக்கு. நீங்க திருப்பிவுட்டா அந்த நேரத்துக்குக் காசு இல்லீங்க. தப்பு இருந்தா நூறு தடவ பிரிச்சுத் தெக்கறேன். இல்லாததுக்குப் பிரிக்க முடியாதுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டால் முதலாளிக்கு நஷ்டம். கண்ணை மூடிக்கொண்டு ஃபெயில் போட்டால் அந்த அக்காவுக்கு நஷ்டம். என்னை நான் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாழ்கிறவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். இதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பயந்து வேலை செய்கிறவர்களைப் பொறுப்பானவர்கள் என்று நாம் பாராட்டிவிடுகிறோம். அந்தப் பயத்துக்கும் யாரோ கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆடியில் அம்மாவைப் பார்க்கத் தாராபுரம் பஸ்ஸில் போனேன். எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள். கடுகு மஞ்சள் டி-ஷர்ட். கழுத்தில் லேபிள் இருந்த இடத்தில் இரண்டு நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பல தடவை துவைத்தது. சைடு தையல் அக்குளிலிருந்து புறப்பட்டு வளைந்து, தொப்புளுக்கு மூன்று விரல் பக்கத்தில் வந்து நின்றது. அவள் காதில் இயர்போன் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தத் தையல் ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவும் இல்லை.

அதைப் பார்த்து என் மனசு ஆறிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆறவில்லை. குண்டடம் வரை அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் முதல் தடவையாக ஒரு கேள்வி தெளிவாக வந்தது. அன்று சாயங்காலம் அந்தத் துணியைத் தொட்டபோது, நான் இன்னும் கவனமாகத் தொட்டிருந்தால் இது தெரிந்திருக்குமா? ஒன்பது மாதமாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்ததெல்லாம், தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான். உண்மையில் தெரியுமா என்று நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

யூனிட்டுக்கு வருகிற ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்வேன். முதலில் கண்ணாலும் கையாலும் மட்டும் பார்த்து, எத்தனை ஜிஎஸ்எம், நீளத்தில் எவ்வளவு சுருங்கும், அகலத்தில் எவ்வளவு, எவ்வளவு திரும்பும் என்று பென்சிலில் எழுதுவேன். பிறகு ஜிஎஸ்எம்மை எடை போட்டுப் பார்ப்பேன். துண்டில் ஐம்பதுக்கு ஐம்பது சென்டிமீட்டர் சதுரம் மார்க்கரில் குறித்து, வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கள் வாஷிங் மெஷினிலேயே ஒரே சோப்பு, ஒரே சூடு வைத்துத் துவைப்பேன். காய்ந்ததும் அளந்து, பென்சில் எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவில் எழுதுவேன். லேப் சோதனைக்கு இது ஈடாகாது. என் ஊகத்தை நானே பிடித்துப் பார்க்க இது போதும்.

முதல் வாரத்தில் பென்சிலைப் பிடிக்கவே பயமாக இருந்தது. யாரும் பார்க்கப் போவதில்லை, தப்பானால் ஒரு பைசா நஷ்டமில்லை, இருந்தும் விரல் கூசியது. எண் போடுவதற்குப் பதிலாக "150-லிருந்து 170" என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு ஒரே எண் எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாள்தான் நான் மேலே வந்த நாட்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

தை பிறப்பதற்குள் அறுபத்தியிரண்டு துணி ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழு நோட்டையும் பார்த்தேன்.

ஜிஎஸ்எம்மில் நான் நன்றாக இருந்தேன். பெரும்பாலும் ஐந்துக்குள் சொல்லியிருந்தேன், சிலவற்றில் அச்சு எடுத்தது போல. நீளச் சுருக்கம் பரவாயில்லை, முதல் இருபதில் தப்பும் தவறுமாக இருந்தது, போகப் போகக் கிட்ட வந்தது. திரும்புவதில்? ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமே இல்லை. முதல் பக்கத்திலும் இல்லை, கடைசிப் பக்கத்திலும் இல்லை. இரண்டு என்று எழுதினால் எட்டு வந்தது, ஏழு என்று எழுதினால் ஒன்றரை வந்தது. ஐந்து மாதம் கவனித்துத் தொட்டும் அந்த ஒன்றில் மட்டும் என் கை ஓர் இம்மியும் கற்றுக்கொள்ளவில்லை. டையிங்கும் காம்பாக்டிங்கும் முடிந்து வந்த துணியில் அதைக் கை சொல்லாது. என் கை மட்டுமில்லை, அந்தத் தொழிலில் முப்பது வருடம் இருந்த பெரியவர்களைக் கேட்டேன், அவர்களும் "அது தண்ணிக்குத்தாந் தெரியும்" என்றுதான் சொன்னார்கள்.

நோட்டை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என் கை கெட்டுப்போகவில்லை. அது என்றைக்கும் சொல்லத் தெரியாத ஒன்றை நான் அதனிடம் கேட்டுவிட்டேன். முன்னால் எல்லாவற்றுக்கும் கையை நம்பினேன், அப்புறம் எதற்குமே நம்பவில்லை. இரண்டும் ஒரே தப்புதான், இரண்டிலும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. இனிமேல் எடைக்குக் கையை நம்புவேன். சுருக்கத்துக்குக் கையையும் நம்புவேன், அளந்தும் பார்ப்பேன். திரும்புவதற்குக் கையைக் கேட்கவே மாட்டேன், எந்த அவசரத்திலும் துவைப்பேன். இவ்வளவு தெளிவாக எனக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் குழம்புக்கு உப்பு போட்டுவிட்டுப் பையனைக் கூப்பிடவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன்.

2020 லாக்டவுனில் யூனிட் மூடிக் கிடந்தபோது, கோயமுத்தூரில் சைக்காலஜி படிக்கிற என் அண்ணன் மகள் இந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டாள். ஆல்பர்ட் பந்துரா என்று ஓர் உளவியலாளர், 1977-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறாராம். பாம்புக்கு நடுங்குகிறவர்களை வைத்துச் சோதனை செய்திருக்கிறார். சிலருக்கு இன்னொருவர் பாம்பைப் பிடிப்பதைக் காட்டினார்கள். சிலரைக் கூடவே நின்று, படிப்படியாகத் தாங்களே தொடவும் பிடிக்கவும் வைத்தார்கள். தாங்களே தொட்டவர்களுக்குத்தான் "என்னால் முடியும்" என்கிற நம்பிக்கை அதிகமாக வந்ததாம். மற்றவர்கள் வார்த்தையால் தருகிற ஊக்கம் பலம் குறைந்தது, தானே செய்து பார்த்துக் கிடைப்பதுதான் நிற்பது என்று அவர் சொன்னதாகச் சொன்னாள். நான் கண்ணாடி முன்னால் நின்ற அந்த ஒரு வாரத்தை நினைத்துக்கொண்டேன். அது என் குறை இல்லை என்று தெரிந்தது நிம்மதியாக இருந்தது. ஆனால் என் நோட்டில் இருந்த இன்னொன்றை அவளிடம் அழுத்திச் சொன்னேன். செய்து பார்த்ததில் ஜெயித்தது மட்டும் எனக்கு உதவவில்லை. திரும்புவதில் அறுபத்தியிரண்டு தடவையும் தோற்றதுதான் அதைவிடப் பெரிய உதவி.

2021-ல் இப்போதிருக்கும் கம்பெனிக்கு வந்தேன். பழைய கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்று ஜிஎம் கேட்டார். 14,400 பீஸையும் சொன்னேன். மறைக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. அவர் கேட்டுக்கொண்டார், டிசியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், லைன் க்யூசியாகத்தான் எடுக்க முடியும் என்றார். சரி என்றேன். இன்சார்ஜ் ஆக ஒரு வருடம் ஆனது.

செக்கிங்கில் அழுத அந்தப் பெண்ணுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவள் வேலைக்குத் தகுந்த மாதிரி மாற்றி. ஒரு கட்டைப் பார்க்கும் முன்னால், இந்த ஆப்பரேட்டரின் கட்டில் எத்தனை பீஸ் ஆல்டர் வரும், எந்த இடத்தில் வரும் என்று பென்சிலில் எழுத வேண்டும், பார்த்த பிறகு பேனாவில். இன்னும் ஆரம்பிக்கவில்லை. பேக்கிங்குக்குப் போகும்போது அது அவள் டிபன் பைக்குள் அப்படியே இருப்பதைப் பார்க்கிறேன். அவசரப்படுத்தவில்லை. ஒரே எண்ணை எழுத எனக்கே நான்கு நாள் ஆனது.

அவளுக்கு 2022 மே மாதத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நூல் விலை எகிறிக்கொண்டிருந்த நேரம். மே 16, 17 இரண்டு நாளும் திருப்பூர் முழுக்கக் கடையடைப்பு, கம்பெனிகள் அடைப்பு. அது முடிந்து திறந்த வாரம், நின்றுபோன இரண்டு நாளைப் பிடிக்க எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தோம். பகல் பதினொன்றரைக்கு ஒரு லாட் துணி இறங்கியது. டிசியை வாங்கி லாட் நம்பரைப் பார்த்தேன். நூல் மாறியிருந்தது. ஒரு துண்டு வெட்டி மெஷினில் போடச் சொன்னேன்.

கட்டிங் மாஸ்டர் வந்தார். பிளானிங்கில் இருந்து போன் வந்தது. கடைசியில் முதலாளியே வந்து நின்றார்.

"தொட்டுப் பார்த்தா எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க. ஆனா திரும்புமான்னு தொட்டா தெரியாதுங்க. துவைச்சுத்தான் சொல்ல முடியும்."

"எத்தன நேரம்?"

"மூணு மூணரை மணி ஆகுமுங்க."

அவர் கட்டிங் டேபிளைப் பார்த்தார். எட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனார். நான் பென்சிலில் ஜிஎஸ்எம்மும் சுருக்கமும் எழுதினேன், திரும்பும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். மூன்றே காலுக்கு டிரையர் நின்றது. சூடு ஆறட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து, மேசையில் விரித்து, தடவிவிட்டு, டேப்பை வைத்தேன். இரண்டு சதவீதம்கூட இல்லை. அருமையான துணி. காலையிலேயே விட்டிருக்கலாம்.

முதலாளி இறங்கி வந்து பார்த்தார். "நல்லாத்தான இருக்குது. அரை நாளு போச்சே அம்மிணி" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

நோட்டில் பேனாவால் 1.8 என்று எழுதிவிட்டு, டிசியில் கையெழுத்துப் போட்டு மாஸ்டரிடம் நீட்டினேன். அவர் பையன்களைக் கூப்பிட்டு ரோலை மேசையில் ஏற்றினார்.